கருவிலேயே உருவாகும் காவற்படை

ஒரு முறை தட்டம்மை கண்டு தேறியவரை மீண்டும் அந்நோய் அணுகுவது மிக அரிது. இவ்வுண்மையை நம் முன்னோர் அனுபவத்தால் அறிந்திருந்தனர். ஆனால் அதற்குரிய காரணம் அவர்களுக்குத் தெரியாது. நம் உடலுக்குள் ஒரு காவற்படை இருக்கிறது. ஒரு முறை எதிர்த்து நின்ற பகைவனை அது மறப்பதில்லை. இக்காவற்படை எப்பொழுது, எங்கே, எவ்வாறு உருவாகிறது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

இதை அறிவதால் தோட்டத் தொழிலாளராகிய நமக்கு என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். பயன் உண்டு. குழந்தை பிறந்து ஒரு நாள் நிறைவதற்குள் அதற்கு ஊசி போடுகிறார்கள். அதன்பின் மாதக் கணக்கில் ஊசிகள் தொடர்கின்றன. “இந்தப் பிஞ்சு உடம்பு இத்தனை ஊசிகளைத் தாங்குமா?” என்று தாய்மார்கள் அஞ்சுவது இயல்பே. அக்கேள்விக்கு உரிய விடை, குழந்தை பிறப்பதற்குப் பல மாதங்களுக்கு முன்பே தாயின் வயிற்றில் எழுதப்பட்டுவிடுகிறது.

எதிர்ப்பொருள் என்பது என்ன?

நோய்க் கிருமி உடலுக்குள் நுழைந்ததும், வெள்ளை இரத்த அணுக்களுள் ஒரு வகையானவை ஒருவகைப் புரதத்தை உண்டாக்குகின்றன. அதற்கு எதிர்ப்பொருள் என்று பெயர். இவ்வகை வெள்ளை அணுக்களை ‘பி’ அணுக்கள் என்று மருத்துவர்கள் அழைப்பர். பூட்டுக்கு ஏற்ற சாவிபோல, ஒவ்வோர் எதிர்ப்பொருளும் தனக்குப் பொருந்தும் கிருமியை மட்டுமே பற்றிக்கொள்ளும். தட்டம்மைக்கு உரியது இளம்பிள்ளை வாதக் கிருமியைப் பற்றாது. இசிவு நோய்க்கு உரியது தொண்டை அடைப்பானுக்கு உதவாது.

எதிர்ப்பொருளின் வடிவம் கவட்டை போன்றது. கவட்டையின் இரு முனைகளும் கிருமியைப் பற்றும் கைகளாகும். பெரிய சங்கிலிகள் இரண்டும் சிறிய சங்கிலிகள் இரண்டும் சேர்ந்து இவ்வடிவம் அமைகிறது. இதன் அமைப்பை ஆராய்ந்து தெளிவுபடுத்திய ஜெரால்ட் எடல்மன், ராட்னி போர்ட்டர் ஆகிய இருவருக்கும் 1972ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அறிஞர்களை மயக்கிய புதிர்

உலகில் கிருமிகள் எண்ணிலடங்கா. அவை அடிக்கடி உருமாறுவதும் உண்டு. இயற்கையில் இல்லாத, ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்ட இரசாயனப் பொருள்களுக்குங்கூட உடல் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது என்பதைக் கார்ல் லாண்ட்ஸ்டைனர் என்னும் அறிஞர் காட்டினார். ஆகவே, கோடிக்கணக்கான வகை எதிர்ப்பொருள்களைச் செய்யும் ஆற்றல் உடலுக்கு இருக்க வேண்டும்.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. உடலில் உள்ள ஒவ்வொரு புரதத்தையும் செய்வதற்கான குறிப்பு மரபணுவில் எழுதப்பட்டுள்ளது. பெற்றோரிடமிருந்து நாம் பெறும் மரபணுக்களுள் புரதங்களுக்கு உரியவை ஏறக்குறைய 20,000 மட்டுமே. ஓர் எதிர்ப்பொருளுக்கு ஒரு மரபணு என்று வைத்துக்கொண்டால், எல்லா மரபணுக்களையும் செலவிட்டாலும் போதாது. பிறகு எப்படி இத்தனை வகைகள் உண்டாகின்றன?

தொனெகாவா கண்ட உண்மை

இப்புதிரை விடுவித்தவர் சுசுமு தொனெகாவா என்னும் ஜப்பானிய அறிஞர். 1939ஆம் ஆண்டு நகோயா நகரில் பிறந்த இவர், 1971ஆம் ஆண்டு முதல் சுவிட்சர்லாந்து நாட்டின் பாசல் நகரில் இருந்த நோய் எதிர்ப்பியல் ஆய்வுக் கழகத்தில் பணியாற்றினார்.

அவரும் அவருடன் பணியாற்றிய நொபுமிச்சி ஹோசுமியும் சுண்டெலியின் கருவிலிருந்து எடுத்த மரபுப் பொருளையும், எதிர்ப்பொருளை உண்டாக்கும் சுண்டெலி அணுக்களிலிருந்து எடுத்த மரபுப் பொருளையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். கருவில், எதிர்ப்பொருளுக்குரிய மரபணுத் துண்டுகள் ஒன்றுக்கொன்று தொலைவில் கிடந்தன. எதிர்ப்பொருளை உண்டாக்கும் அணுவிலோ அவை இடம் மாறி ஒன்றுசேர்ந்திருந்தன. 1976ஆம் ஆண்டு இம்முடிவு வெளியிடப்பட்டது.

பெற்றோர் தந்த மரபணு வாழ்நாள் முழுதும் மாறாமல் இருக்கும் என்றே அதுவரை பெரும்பாலோர் எண்ணியிருந்தனர். ‘பி’ அணுவோ தன் மரபணுத் துண்டுகளைத் தானே வெட்டி, தானே ஒட்டி, புதியதொரு குறிப்பை எழுதிக்கொள்கிறது என்பது இவ்வாய்வினால் தெளிவாயிற்று. இதற்காக 1987ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு தொனெகாவா ஒருவருக்கே வழங்கப்பட்டது.

மரபணுவை வெட்டும் ‘கத்தரிக்கோல்’ எது என்பது பின்னர் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. டேவிட் ஷாட்ஸ், மார்ஜரி ஓட்டிஞ்சர், டேவிட் பால்டிமோர் ஆகியோர் ராக்-1 என்னும் மரபணுவை 1989ஆம் ஆண்டிலும், அதன் துணையாகிய ராக்-2 மரபணுவை 1990ஆம் ஆண்டிலும் அறிவித்தனர். இவ்விரண்டும் உண்டாக்கும் புரதங்கள் சேர்ந்தே வெட்டும் வேலையைச் செய்கின்றன.

ஒரு துணிக்கடைக் கணக்கு

லேடாங் மலைச் சாரலில் உள்ள தங்காக் நகரம் துணிக்கடைகளுக்குப் பெயர் பெற்றது. திருமணத்திற்கும் தீபாவளிக்கும் துணி எடுக்க அங்கே சென்று வந்தவர்கள் நம்மில் பலர் இருப்பர். அக்கடைத்தெருவை மனத்தில் வைத்துக்கொண்டால் இப்பாடம் எளிதாக விளங்கும்.

ஒரு சிறுமிக்குப் பாவாடையும் சட்டையும் தைக்க வேண்டும் என்று கொள்வோம். சட்டைக்கு உரிய துணி 40 வகை, கரை 23 வகை, பொத்தான் 6 வகை கடையில் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஒன்றை மட்டும் எடுத்துத் தைத்தால் எத்தனை விதமான சட்டைகள் தைக்கலாம்? 40ஐ 23ஆல் பெருக்கி, மீண்டும் 6ஆல் பெருக்கினால் 5,520 என விடை வரும். கடையில் இருப்பவை 69 பொருள்களே. சட்டைகளோ ஐயாயிரத்துக்கும் மேல்!

எதிர்ப்பொருளின் பெரிய சங்கிலிக்குரிய மரபணுத் துண்டுகளும் ஏறத்தாழ இதே கணக்கில்தான் உள்ளன. வி, டி, ஜே என்னும் மூன்று குவியல்களிலிருந்து ஒவ்வொரு துண்டை எடுத்து அணு தைத்துக்கொள்கிறது. சிறிய சங்கிலியை நம் கணக்கில் பாவாடை எனலாம். அதற்கு இரண்டு குவியல்கள் மட்டுமே. அதில் ஏறக்குறைய 320 வகைகள் அமையலாம். 5,520 சட்டைகளையும் 320 பாவாடைகளையும் மாற்றி மாற்றிச் சேர்த்தால் ஏறக்குறைய 17 இலட்சத்து 66 ஆயிரம் விதமான உடைகள் கிடைக்கும்.

கணக்கு இதோடு முடியவில்லை. துண்டுகளை ஒட்டும் இடத்தில் தையற்காரர் சில நூலிழைகளைக் கத்தரிப்பதும், புதிதாகச் சில இழைகளைச் சேர்ப்பதும் உண்டு. தையல் விழும் இடமே கிருமியைப் பற்றும் கையின் நடுப்பகுதி. ஆகவே சிறு மாற்றமும் புதிய பிடியை உண்டாக்குகிறது. இதனால் எதிர்ப்பொருள்களின் வகைகள் கோடிக்கணக்கில் பெருகுகின்றன.

இன்னோர் உண்மையையும் கவனித்தல் வேண்டும். வெட்டிய துணி மீண்டும் முழுத் துணி ஆவதில்லை. அதுபோல, ஓர் அணு ஒரு முறை வெட்டி ஒட்டிக்கொண்ட அமைப்பே பெரும்பாலும் அதன் வழித்தோன்றல்களுக்கும் உரியதாகிறது. ஓர் அணுவுக்கு ஒரு வகை எதிர்ப்பொருள்தான். இவ்வேலையில் பிழைகளும் மிகுதி. ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மட்டுமே சரியாக அமைகிறது. தவறிய அணு மறுமுறை முயலும். அதிலும் தவறினால் அழிந்துவிடும். உடலின் சொந்த உறுப்புகளையே தாக்கக்கூடிய அணுக்களும் பெரும்பாலும் களையெடுக்கப்படுகின்றன.

கருவில் நடப்பது என்ன?

இந்த வெட்டும் ஒட்டும் வேலை மனிதக் கருவில் மிக விரைவிலேயே தொடங்கிவிடுகிறது. பெரியவர்களுக்கு ‘பி’ அணுக்கள் எலும்பு மச்சையில் உண்டாகின்றன. சிசுவுக்கோ முதலில் கல்லீரலே அத்தொழிற்சாலையாக விளங்குகிறது.

கருவுற்ற சுமார் 8ஆவது வாரத்தில், பெரிய சங்கிலியைத் தைத்து முடித்த இளம் அணுக்கள் சிசுவின் கல்லீரலில் தென்படுகின்றன. அடுத்த ஓரிரு வாரங்களில், இரு சங்கிலிகளும் சேர்ந்த முழு எதிர்ப்பொருளைத் தம் மேற்பரப்பில் ஏந்திய ‘பி’ அணுக்கள் தோன்றுகின்றன. அப்போது சிசுவின் நீளம் ஒரு விரல் அளவுகூட இல்லை. தான் கருவுற்றிருப்பதைத் தாய் அறிந்து சில வாரங்களே ஆகியிருக்கலாம். மாதங்கள் செல்லச் செல்ல இப்பணி எலும்பு மச்சைக்கு மாறுகிறது. பிறகு வாழ்நாள் முழுதும் அங்கேயே நடைபெறுகிறது.

கருப்பையில் சிசு பாதுகாப்பாக இருக்கிறது. தட்டம்மைக் கிருமியையோ கக்குவான் கிருமியையோ அது கண்டதில்லை. பகைவன் யார் என்று அறியாமலே, எந்தப் பகைவன் வந்தாலும் எதிர்க்கத்தக்க பல வகைக் காவலரை அது முன்கூட்டியே ஆயத்தம் செய்கிறது. கிருமி வந்த பிறகு அதற்கேற்ற சாவி செய்யப்படுவதில்லை. முன்பே செய்து வைத்த சாவிகளுள் பொருந்துவது தேர்ந்தெடுக்கப்படுகிறது. தேர்வு பெற்ற அணு பல்கிப் பெருகுகிறது. இக்கருத்தை ஆஸ்திரேலிய அறிஞர் மெக்ஃபார்லேன் பர்னெட் 1957ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார்.

ஆயினும் சிசுவின் படை முதிர்ந்த படையன்று. ஒட்டும் இடத்தில் புதிய இழைகளைச் சேர்க்கும் தையற்காரர் கருக்காலத்தின் தொடக்கத்தில் குறைவாகவே வேலை செய்கிறார். ஆகையால் சிசுவின் எதிர்ப்பொருள்களில் தையற்பகுதி குட்டையாகவும், வகைகள் பெரியவர்களைவிடக் குறைவாகவும் இருக்கும். மாதங்கள் செல்லச் செல்ல இக்குறை நீங்கிவருகிறது. பிறந்த குழந்தையிடம் காவலர் பலர் இருக்கின்றனர். ஆனால் அவர்களுக்குப் போர்ப் பயிற்சி இல்லை.

தாய் தரும் இரவல்

பயிற்சி பெறும்வரை குழந்தையைக் காப்பது யார்? தாய்தான். கருவுற்ற சுமார் 13ஆவது வாரம் முதல் தாயின் இரத்தத்திலுள்ள ஐ.ஜி.ஜி. என்னும் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவுக்குச் செல்கிறது. இதில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில்தான் சேர்கிறது. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் இரத்தத்தில் இப்பொருள் தாயிடம் உள்ள அளவுக்கு, சில வேளைகளில் அதற்கு மேலாகவும் இருக்கும். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு இது குறைவாகவே கிடைக்கிறது. அவர்களை எளிதில் நோய் தொற்றுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

தாயிடம் எது இருக்கிறதோ அதையே அவர் கொடுக்க இயலும். கருவுற்ற தாய்மார்களுக்கு இசிவுத் தடுப்பூசி போடுவதன் நோக்கம் இதுவே. அந்த ஊசி தாயோடு, வரவிருக்கும் குழந்தையையும் காக்கிறது.

ஆனால் இரவல் என்றும் இரவல்தான். தாய் தந்த எதிர்ப்பொருள் ஏறத்தாழ 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒரு முறை பாதியாகக் குறைகிறது. 4 வாரம் என்று வைத்துக் கணக்கிடுவோம். பிறந்த அன்று 100 பங்கு இருந்தால், 4 வாரத்தில் 50, 8 வாரத்தில் 25, 12 வாரத்தில் 12 சொச்சம் என்று குறைந்து, 24 வாரத்தில் 2 பங்குகூட எஞ்சாது. அதற்குள் குழந்தை தன் சொந்தப் படையைப் பழக்கிக்கொள்ள வேண்டும். அப்பழக்கத்தைத் தருவதே தடுப்பூசி.

குறித்த நாளில் ஏன் போட வேண்டும்?

தடுப்பூசியின் நாள்கள் மனம்போனபடி குறிக்கப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் மேற்சொன்ன கணக்கே அடிப்படை.

பிறந்தவுடன் போடப்படும் ஹெப்பாடைடிஸ் ‘பி’ ஊசியை எடுத்துக்கொள்வோம். இது கல்லீரலைத் தாக்கும் நோய். நோயுள்ள தாயிடமிருந்து பிறப்பின்போதே குழந்தைக்குத் தொற்றக்கூடியது. குழந்தைப் பருவத்தின் தொடக்கத்தில் தொற்றினால், 100 பேரில் ஏறக்குறைய 90 பேரிடம் அது நாட்பட்ட நோயாகத் தங்கிவிடும்; பிற்காலத்தில் கல்லீரல் சுருக்கத்திற்கும் புற்றுநோய்க்கும் வழிவகுக்கும். ஆகையால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. மலேசியாவில் 1989ஆம் ஆண்டு முதல் பிறக்கும் குழந்தைகள் அனைவருக்கும் இவ்வூசி போடப்பட்டு வருகிறது. பிறந்த அன்றே இவ்வூசியை ஏற்று எதிர்ப்பொருளை உண்டாக்கும் அணுக்கள் குழந்தையிடம் இருப்பது, கருவில் நடந்த வெட்டும் ஒட்டும் வேலையின் பயனாகும்.

தாயின் இரவல் தேய்ந்துவரும் 2, 3, 5ஆம் மாதங்களில் தொண்டை அடைப்பான், இசிவு, கக்குவான் இருமல், இளம்பிள்ளை வாதம் முதலிய 6 நோய்களுக்கு எதிரான ஒரே ஊசி போடப்படுகிறது. 18ஆம் மாதத்தில் மீண்டும் ஒரு முறை. ஒரே ஊசியைப் பல முறை போடுவது வீண் என்று எண்ணுதல் தவறு. முதல் முறை அணு தேர்ந்தெடுக்கப்படுகிறது. அடுத்த முறைகளில் அது பெருகி, மறவாத நினைவையும் பெறுகிறது.

தட்டம்மை ஊசி மட்டும் 9ஆம் மாதம்வரை காத்திருப்பது ஏன்? இவ்வூசியில் வலுவிழந்த உயிர்க் கிருமி உள்ளது. தாயின் எதிர்ப்பொருள் இன்னும் மிகுதியாக இருந்தால் அக்கிருமியை உடனே அடக்கிவிடும். குழந்தையின் படைக்குப் பாடம் கிடைக்காது. ஆகவே இரவல் தேய்ந்தபின் 9, 12ஆம் மாதங்களில் அது போடப்படுகிறது.

ஐயங்களும் விடைகளும்

“இத்தனை ஊசிகளைக் குழந்தையின் உடல் தாங்குமா?” தாங்கும். பல இலட்சம் வகைக் காவலரை ஆயத்தம் செய்துகொண்டு வந்த உடல் அது. ஓர் ஊசி அவர்களுள் மிகச் சிலரையே அழைக்கிறது. ஊசி போட்ட இடத்தில் வீக்கமும் இலேசான காய்ச்சலும் காணலாம். ஓரிரு நாளில் அவை பெரும்பாலும் நீங்கும். காய்ச்சல் கடுமையானாலும் நீடித்தாலும் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

“தாய்ப்பால் கொடுக்கிறேனே, அது போதாதா?” தாய்ப்பால், சிறப்பாகச் சீம்பால், குழந்தையின் குடலையும் தொண்டையையும் காக்கும் எதிர்ப்பொருளைத் தருகிறது. அதைத் தவறாமல் கொடுக்க வேண்டும். ஆயினும் அதுவும் இரவலே. குழந்தையின் சொந்தப் படையைப் பழக்கும் வேலையைத் தாய்ப்பாலால் செய்ய இயலாது.

“இந்நோய்கள்தாம் இப்போது இல்லையே?” 1992ஆம் ஆண்டுக்குப் பிறகு நம் நாட்டில் காணப்படாதிருந்த இளம்பிள்ளை வாதம், 2019ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் சபாவில் 3 மாதக் குழந்தை ஒன்றிடம் கண்டுபிடிக்கப்பட்டது. காவல் தளர்ந்த இடத்தில் நோய் திரும்பி வரும்.

“ஊசி போடக்கூடாத குழந்தைகள் உண்டா?” மிகச் சிலர் உண்டு. ராக் மரபணுக்களில் பழுதுள்ள குழந்தைகளுக்கு வெட்டும் ஒட்டும் வேலையே நடவாது. அவர்களிடம் காவற்படை இல்லை எனலாம். இக்குறை மிக அரிது. இத்தகையோருக்குக் காசநோய்த் தடுப்பூசி போன்ற உயிர்க் கிருமி ஊசிகள் தீங்கு செய்யும். உங்கள் குடும்பத்தில் முன்பு பிறந்த குழந்தை ஏதேனும் ஓயாத நோய்த் தொற்றுகளால் முதல் ஓரிரு ஆண்டுகளில் இறந்திருந்தால், அடுத்த பிரசவத்திற்கு முன்பே அதை மருத்துவரிடம் மறைக்காமல் தெரிவியுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

விடியற்காலையில் பிரட்டுக்குச் சென்று, பால் எடுத்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் தாய்க்கு, மருத்துவ நிலையம் செல்ல ஒரு நாள் ஒதுக்குவது எளிதன்று. ஒரு நாள் கூலியை இழக்கவும் நேரலாம். இதனை அறிந்தே சொல்கிறோம்: அந்த ஒரு நாளைத் தந்தையும் குடும்பத்தாரும் சேர்ந்து ஒதுக்கித் தர வேண்டும். கருவுற்றதை அறிந்தவுடன் அருகிலுள்ள அரசாங்கத் தாய்சேய் நல நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். ஒரு தவணை தவறிவிட்டால், இனிப் பயனில்லை என்று விட்டுவிடாமல் தாதியரிடம் கேட்டு அடுத்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். தேசியத் தடுப்பூசித் திட்டத்தின்கீழ் குடிமக்களின் குழந்தைகளுக்கு இவ்வூசிகள் இலவசமாகவே போடப்படுகின்றன.

படைவீரரைப் படைக்கும் வேலையை இயற்கை கருவிலேயே தொடங்கிவிடுகிறது. அவர்களுக்குப் பகைவனை அடையாளம் காட்டும் வேலை நம்முடையது.

பயிற்சி வினாக்கள்

1. எதிர்ப்பொருளுக்குரிய மரபணுத் துண்டுகள் கருவில் எவ்வாறு இருந்தன? ‘பி’ அணுவில் எவ்வாறு மாறின?

2. துணி 10 வகை, கரை 5 வகை, பொத்தான் 4 வகை இருந்தால் எத்தனை விதமான சட்டைகள் தைக்கலாம்?

3. சிசுவின் ‘பி’ அணுக்கள் முதலில் எந்த உறுப்பில் உண்டாகின்றன?

4. தாய் தரும் எதிர்ப்பொருளை இரவல் என்று கூறுவது ஏன்?

5. தட்டம்மை ஊசி பிறந்தவுடன் போடப்படாததற்குக் காரணம் யாது?